விஆருக்குப் புது கம்ப்யூட்டரா, ஒரு கார்டு மட்டும் போதுமா?

கேள்வி: என் கம்ப்யூட்டர் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ரைசன் 5 3600 ப்ராசஸர், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 500 வாட் பவர் சப்ளை. சாதாரண மானிட்டரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மெட்டா குவெஸ்ட் 3 என்ற விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை வாங்கி கார் பந்தயமும் விமான சிமுலேட்டரும் ஆடலாம் என்றிருக்கிறேன். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா, கார்டு மட்டும் போதுமா? இப்போதே வாங்குவதா, அடுத்த தலைமுறை கார்டுக்குக் காத்திருப்பதா?

பதில்: முதலில் ஹெட்செட்டை வாங்குங்கள். அதுவரை கம்ப்யூட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய கார்டை வாங்கிப் போட்டுவிட்டு, ஹெட்செட் வந்த பிறகுதான் தடங்கல் வேறெங்கோ இருப்பது தெரிகிறது. குவெஸ்ட் 3 கம்ப்யூட்டர் இல்லாமலும் தானாகவே கேம்களை ஓட்டும் என்பதால், பார்த்து யோசித்து முடிவெடுக்கும்வரை அது சும்மா கிடக்கவும் போவதில்லை.

மானிட்டரில் குறையில்லாத கம்ப்யூட்டர் விஆரில் ஏன் திணறுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920×1080 மானிட்டரில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, சுமார் 20 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064×2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 91 லட்சம். 4கே மானிட்டரைவிட இது அதிகம். மானிட்டரில் விநாடிக்கு 60 ஃப்ரேம் போதும் என்றிருந்தீர்கள், இங்கே 90 தேவை. மொத்தத்தில் கார்டுக்கு வேலை ஆறரை மடங்கு. லென்ஸ் வளைப்பதைச் சரிக்கட்டப் படத்தைத் திரையைவிடப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்கும் வழக்கமும் உண்டு. அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் மென்பொருள் பாதி ஃப்ரேமை மட்டும், அதாவது 45-ஐ, கேமிடமிருந்து வாங்கி மீதியைத் தானே ஊகித்து நிரப்பிவிடும். பார்க்க ஓடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் விரையும் காரின் விளிம்பு நீரில் தெரிவதுபோல் நெளியும். சிலருக்கு அரை மணியில் தலை சுற்றும். மானிட்டரில் ஃப்ரேம் குறைந்தால் எரிச்சலோடு போய்விடும். இங்கே வயிற்றைப் பிரட்டும்.

சரி, ஹெட்செட் வந்துவிட்டது. இப்போது குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் விஆர் கேம்களை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில், ஃப்ரேமுக்கு ஆகும் நேரத்தைக் காட்டும் ‘ஃப்ரேம் டைமிங்’ வரைபடம் இருக்கிறது. எஃப்பிஎஸ்விஆர் என்ற சிறிய மென்பொருள் அதையே கண்ணெதிரே காட்டும். ஒரு ஃப்ரேமுக்கு ப்ராசஸர் எத்தனை மில்லி விநாடி எடுத்தது, கார்டு எத்தனை எடுத்தது என்ற இரண்டு எண்களும் அதில் தனித்தனியாக வரும். எது 11.1-ஐத் தாண்டுகிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும். இன்னும் எளிய வழி, ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது. திணறல் நின்றால் கார்டு. அப்படியே இருந்தால் பெரும்பாலும் ப்ராசஸர். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘ப்ராசஸர் 35 சதவீதம்’ என்று பார்த்து அதை விடுவித்துவிடாதீர்கள். அது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் அதில் தெரியாது.

நானே ஒருமுறை கார்டை மாற்றியும் திணறல் தீராமல் இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் 3200 வேக ராம், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாததால் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் செலவு ஏதுமில்லை. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இரண்டாக்குங்கள். விமான சிமுலேட்டருக்கு 32 ஜிபி இருந்தால் நிம்மதி.

உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் மாட்டிக்கொள்ளப்போவது கார்டுதான் என்று வரைபடம் பார்க்காமலே சொல்லலாம். கார்டின் 6 ஜிபி நினைவகம் விஆருக்குப் போதாது. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியும் ஜிடிஎக்ஸ் வரிசையில் இல்லை. இருந்தாலும் 72 ஹெர்ட்ஸில், ரெசல்யூஷனைக் குறைத்து, கார் பந்தயத்தை ஆடிப் பார்க்கலாம். விமான சிமுலேட்டர் வேண்டாம், மனம் நொந்துபோவீர்கள். மாற்றும்போது 12 ஜிபிக்குக் குறையாதீர்கள். விமானம்தான் முக்கியம் என்றால் 16. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து ஏவி1 முறையில் வீடியோவைச் சுருக்கும் வசதி உண்டு, குவெஸ்ட் 3 அதைப் புரிந்துகொள்ளும். கம்ப்யூட்டர் படம் ஹெட்செட்டுக்குச் சுருக்கப்பட்ட வீடியோவாகத்தான் போகிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பவர் சப்ளையை மறக்காதீர்கள். இப்போதுள்ள கார்டு 125 வாட் இழுக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4070 இழுப்பது 200, 5070 என்றால் 250. இரண்டுக்கும் அவற்றின் நிறுவனமான என்விடியா பரிந்துரைப்பது 650 வாட், உங்களுடையது 500. அப்புறம் கேபினெட்டில் கார்டின் நீளம் அடங்குமா என்று அளவெடுங்கள். இதைச் செய்யாமல் வாங்கிவிட்டு டப்பாவைத் திருப்பிக் கட்டியவர்கள் நிறைய.

அடுத்தது ப்ராசஸர். புதுக் கார்டு வந்ததும் கார் பந்தயத்தில் திணறல் அடங்கிவிடும். எதிராளிகள் அதிகமான பந்தயமும், நகரத்து மேல் தாழப் பறக்கும் விமானமும் 3600-ஐத் தள்ளாட வைக்கும். அங்கேயும் மதர்போர்டை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. ரைசன் 7 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ஆகிய ப்ராசஸர்கள் உங்கள் மதர்போர்டின் ஏஎம்4 சாக்கெட்டிலேயே உட்காரும். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கூடுதல் கேஷ் நினைவகத்தால் சிமுலேட்டர்களில் நன்றாகவே கைகொடுக்கும். பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். அவற்றோடு கூலர் வராது, பழைய சின்னக் கூலர் தாங்காது. நியாயமான விலையில் இவை கிடைக்காவிட்டால்தான் புது மதர்போர்டு, டிடிஆர்5 ராம் என்று கிளம்ப வேண்டும். ‘புது கம்ப்யூட்டர்’ என்ற பேச்சை அதுவரை எடுக்காதீர்கள். எடுக்க நேர்ந்தாலும் வாங்கிய கார்டும் பவர் சப்ளையும் அப்படியே அங்கே மாறிப் போகும், ஒன்றும் வீணில்லை.

இரண்டு எண்களும் சரியாக இருந்தும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? அது வைஃபை. கம்ப்யூட்டரை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள், ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள், ரவுட்டர் அதே அறையில் இருக்கட்டும். யுஎஸ்பி கேபிளில் ஒருமுறை ஆடிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

காத்திருப்பதைப் பற்றி: என்விடியாவின் புதுத் தலைமுறை 2020, 2022, 2025 என்று இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. அறிவிப்பு வந்து வெளியீட்டுத் தேதியும் தெரிந்துவிட்டால் ஒன்றிரண்டு மாதம் பொறுப்பதில் அர்த்தம் உண்டு. வெறும் வதந்திக்காக ஒரு வருடம் காத்திருப்பவர் அந்த ஒரு வருடமும் ஆடுவதில்லை. நீங்கள் ஆட நினைக்கும் கேம் இன்று உங்கள் கம்ப்யூட்டரில் ஆட முடியாததாக இருந்தால் இன்று வாங்கலாம். அடுத்த வருடம் வரப்போகும் கேமுக்காக இப்போதே வாங்குவதுதான் வீண்.

ஹெட்செட்டில் ஒரு வாரம் ஆடிவிட்டு, அந்த இரண்டு எண்களையும் கேமின் பெயரையும் குறித்து எழுதுங்கள். எந்தக் கார்டு என்று அப்போது துல்லியமாகச் சொல்கிறேன்.