தியானம் பத்து நாளுக்கு மேல் நிலைக்கவில்லை. அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே ஆன்மிகத்தை வளர்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் வேலை, குடும்பம் என்று ஓடிக்கொண்டிருப்பவர். தியானத்துக்கு உட்கார்ந்தால் பத்து நாள் நன்றாகப் போகிறது, பதினோராம் நாள் விட்டுப்போகிறது, அதற்கென்று தனியாக நேரமும் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் குரு இல்லை. பல வருடங்களாகத் தொடங்குவதும் விடுவதும் மறுபடி தொடங்குவதுமாக இருக்கிற ஆள். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நானும் பெரிய அட்டவணை போட்டவன்தான். அதிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் தியானம், அப்புறம் ஜபம், அப்புறம் வாசிப்பு. சுவரில் ஒட்டிக்கூட வைத்தேன். நாலு வாரம் தாங்கியது. ஒருநாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது என் பிள்ளை வந்து ஏதோ கேட்டான். "தியானத்தில் இருக்கிறேன், தெரியவில்லையா?" என்று கத்தினேன். கத்திவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் இன்னமும் உறுத்துகிறது. அன்று மாலை அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

அதற்கப்புறம் புதிதாக எதற்கும் நேரம் ஒதுக்கவில்லை. எப்படியும் தினமும் செய்தாக வேண்டிய ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது இரவில் பாத்திரம் கழுவுவது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற கிறிஸ்தவத் துறவி தம் மடத்துக்கு எழுதிய விதிகளில், பண்டகசாலையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு வரி வைத்திருக்கிறார்: மடத்தின் சாமான்கள் எல்லாவற்றையும் வழிபாட்டுக்குரிய பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்று. இதைப் படித்தபோது அழகான பேச்சு என்றுதான் தோன்றியது. செய்து பார்த்தபோதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. முதல் தட்டைத் தேய்க்கும்போது தட்டு கண்ணில் இருக்கும். மூன்றாவது தட்டுக்குள் மதியம் அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு மனதுக்குள் பதிலடி கொடுத்துக்கொண்டிருப்பேன். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து இரண்டாம் முறை தேய்த்த நாட்கள் உண்டு. பிடிபட்டதும், "இப்போது கையில் இருப்பது என்ன?" என்று கேட்டுக்கொள்வேன். டம்ளர். சரி, டம்ளர். அவ்வளவுதான் பயிற்சி. ஒரு இரவில் இருபது முறை திரும்பி வர வேண்டியிருந்தால் இருபது முறையும் கணக்கில் சேரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மணிமாலை கண்டுபிடித்தவர்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஜபமாலையில் 108 மணி, முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையில் 33 அல்லது 99, கத்தோலிக்கரின் ஜெபமாலையில் 59. மனம் எங்கே போனாலும் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்து அதைக் கூப்பிட்டுவிடும். உங்களுக்குப் பழக்கமான பெயரோ மந்திரமோ இருந்தால் பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் மூச்சு போதும்.

என்னை உண்மையிலேயே அசைத்தது வேறொன்று. ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் என்பவர் 1940களில் உருவாக்கிய நைக்கான் என்ற முறை. 'உள்ளே பார்த்தல்' என்று பொருள். அவர் சார்ந்திருந்த பௌத்தப் பிரிவில், உணவு, தண்ணீர், தூக்கம் இல்லாமல் தன்னையே ஆராய்கிற கடுமையான பயிற்சி ஒன்று இருந்தது. அதிலிருந்த கடுமையை எடுத்துவிட்டு யாரும் செய்யக்கூடியதாக மாற்றினார். முறையாகச் செய்பவர்கள் ஒரு வாரம் தனியாக உட்கார்கிறார்கள், பெரும்பாலும் தாயிலிருந்து தொடங்குகிறார்கள். வீட்டில் செய்ய இரவில் பத்து நிமிடமும் ஒரு நோட்டும் போதும்.

ஒரு ஆளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன? நான் அவருக்குக் கொடுத்தது என்ன? என்னால் அவருக்கு ஏற்பட்ட தொந்தரவு என்ன? அவரால் எனக்கு ஏற்பட்ட தொந்தரவு என்ன என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே கிடையாது. அதற்குப் பயிற்சி எதற்கு, நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்!

என் அண்ணன்மேல் எனக்குப் பல வருட வருத்தம். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'பாசம்', 'ஆதரவு' என்றெல்லாம் பொதுவாக எழுதக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் கேள்வியின் கீழ்: மழையில் வண்டியில் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். ஃபோன் செய்தார், நான் எடுக்கவில்லை, மறுபடியும் செய்தார். இரண்டாவதன் கீழே எழுத ஒன்றுமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதில்: ஃபோனை எடுக்காதது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டியது. பழைய வருத்தம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் நடுவில் காலியாக இருந்த அந்த இடம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாள் நானே ஃபோன் செய்தேன்.

ஒரு எச்சரிக்கை. உங்களை அடித்தவரையோ கொடுமைப்படுத்தியவரையோ பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். இது அதற்கான கருவி இல்லை.

இனி அந்தப் பதினோராம் நாள். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இந்தச் சலிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நடுப்பகலில் அது வந்து பிடிக்குமாம். சூரியன் நகராததுபோலத் தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல இருக்கும். சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா, யாராவது வருகிறார்களா என்று துறவி அடிக்கடி எட்டிப் பார்ப்பார். கையில் ஃபோன் இல்லை, அதுதான் வித்தியாசம். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, அவர் பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையையே உணராமல் வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்து பலர் அதிர்ச்சியடைந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒன்றும் தோன்றாத நாளில் பயிற்சியை ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்கிறேன், விடுவதில்லை. கடவுளுக்கு மிகவும் விருப்பமான செயல் எது என்று நபிகள் நாயகத்திடம் கேட்டபோது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்வதே என்றார். பெரிய அட்டவணைக்காரர்கள் கேட்க வேண்டியது.

ஆனால் தூக்கமும் பசியும் போய், வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தால் அதை ஆன்மிக வறட்சி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

தொடர்ந்து இத்தனை நாள் செய்தீர்கள் என்று பாராட்டும் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் தவறினால் எண் சுழியத்துக்குப் போய்விடுகிறது, கூடவே நம் ஆர்வமும். தியானத்தில் ஒளி தெரிந்ததா, அதிர்வு வந்ததா என்று விசாரிப்பவர்களிடமிருந்தும் தள்ளியே இருக்கிறேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் மூன்று கேள்விகளையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு முதல் கேள்வி மட்டும் போதும். யாரைப் பற்றி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால், இன்று உங்களிடம் அதிகம் திட்டு வாங்கியவர் யாரோ அவரிலிருந்து ஆரம்பியுங்கள்.