இன்டெல் என்று எழுதியிருந்தால் இன்டெல் சிப்பா?

கேள்வி: கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் 40 கால்கள் கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் சிப் ஒன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். "1978ஆம் ஆண்டு இன்டெல்" என்று சொல்லித் தந்தார்கள். அதில் பி8088 என்ற எண், ஓர் அம்புக்குறிச் சின்னம், 8532 என்ற இலக்கம், பதிப்புரிமைக் குறியுடன் 'இன்டெல் 1978' ஆகியவை உள்ளன. அடியில் 'மலேசியா' என்று இருக்கிறது. நண்பர் போலி என்கிறார். அதே கடையில் இருக்கும் டி8086டி என்ற சிப்பையும் வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கடைக்காரர் சொன்னதும் சரியில்லை, நண்பர் சொன்னதும் சரியில்லை. உங்களிடம் இருப்பது ஏஎம்டி என்ற இன்னொரு சிப் நிறுவனம் தயாரித்த சிப். அதன் சின்னமான அந்த அம்புக்குறிதான் சாட்சி. இன்டெல்லின் அக்காலச் சின்னத்தில் நடுவிலுள்ள ஆங்கில 'ஈ' (e) எழுத்து மற்றவற்றைவிடச் சற்றுக் கீழே இறங்கி நிற்கும்.

அப்படியானால் இன்டெல்லின் பெயர் எப்படி வந்தது? 1981இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினியான ஐபிஎம் பீசியின் மூளை, இன்டெல் வடிவமைத்த 8088 சிப். ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பவில்லை. எனவே அதே வடிவமைப்பை ஏஎம்டியும் தயாரிக்க இன்டெல் இணங்கியது; 1982இல் இருவருக்கும் ஒப்பந்தம் உண்டு. 1978 என்பது வடிவமைப்பின் பதிப்புரிமை ஆண்டு. சிப் பிறந்த காலத்தைச் சொல்வது 8532: 1985ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஓகஸ்ட் முற்பகுதி. ஏழு வருடம் கூட்டி விற்றிருக்கிறார்கள்! மலேசியா என்ற சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது. இரு நிறுவனங்களுக்கும் பினாங்கில் தொழிற்சாலை இருந்தது.

ஆனாலும் நண்பரின் சந்தேகத்தை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு, கறுப்புப் பூச்சு அடித்து, புதிய பெயர் அச்சிடும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. பஞ்சில் சிறிது அசிட்டோன் என்ற கரைப்பானைத் தொட்டு ஓர் ஓரத்தில் மட்டும் துடையுங்கள். பஞ்சு கரிபோலக் கறுத்தால் பூச்சு அடித்திருக்கிறார்கள். மேற்பரப்பில் ஒரே திசையில் கீறல்கள் ஓடினாலும், மேற்புறமும் அடிப்புறமும் வெவ்வேறு சொரசொரப்பாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். எழுத்துகளின் மேல் மட்டும் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள்; அசல் மையே அழிந்தால் சேகரிப்பவருக்கு அது வெறும் கறுப்புக் கட்டி.

டி8086டி விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல் எண்ணின் முன்னால் வரும் 'டி' (D) பீங்கான் உறையையும் 'பி' (P) பிளாஸ்டிக் உறையையும் குறிக்கும். ஜப்பானின் என்ஈசி நிறுவனமோ 'மியூ பிடி' (µPD) என்ற தன் முன்னொட்டைச் சுருக்கி வெறும் 'டி' என்று அச்சிடும். அதன் உறைக்குறி கடைசியில் வரும் எழுத்து. இரு பக்கமும் 'டி' என்றால் என்ஈசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூதக்கண்ணாடியால் பெயரைத் தேடிப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள், இன்டெல் விலைக்கு அல்ல.

8088 அரிய பொருளும் அல்ல. பழைய மதர்போர்டுகளில் தாராளமாகக் கிடைத்தது. 4,500 ரூபா அதிகம் என்பது என் எண்ணம். பற்றுச்சீட்டில் 'இன்டெல்' என்று எழுதியிருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். வாய்ப்பேச்சை நம்பி வெறுங்கையோடு வந்திருந்தால், டி8086டி வாங்கும்போது இந்த விலையையும் சேர்த்துப் பேரம் பேசிப் பாருங்கள்.