கேள்வி பதில்: கனடா குடிவரவு வழக்கறிஞர்

மகனுக்கு கனடா ஸ்டடி பர்மிட் மறுக்கப்பட்டுவிட்டது. "எங்கள் கனடா வக்கீல் அப்பீல் போட்டு வாங்கித் தருவார்" என்று ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, திருச்சி)

கொடுக்காதீர்கள் அம்மா. ஸ்டடி பர்மிட் மறுப்புக்கு அப்பீல் கிடையாது. பெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்டு மனுப் போடலாம், அவ்வளவுதான். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவானால், அது தெரியவந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம். உள்ளே எடுத்த முடிவுக்கு 15 நாள்தான். நீதிமன்றக் கட்டணம் 50 டாலர். மற்றதெல்லாம் வக்கீல் கட்டணம்.

வழக்கை விசாரிக்கவே முதலில் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். தந்தாலும், உங்கள் மகனுக்குத் தகுதி உண்டா என்பதை நீதிபதி புதிதாக எடைபோட மாட்டார். அதிகாரி முன்னால் இருந்த காகிதங்களை வைத்துக்கொண்டு, அவர் எழுதிய காரணம் நியாயமாக நிற்கிறதா என்று பார்ப்பார். 2019-இல் வவிலோவ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. மறுப்புக்குப் பிறகு தயாரித்த வங்கிச் சான்று, புதிய விளக்கக் கடிதம் எதையும் பொதுவாக உள்ளே கொண்டுவர முடியாது. ஜெயித்தாலும் விசா கைக்கு வராது. கோப்பு வேறொரு அதிகாரியிடம் போகும், அவ்வளவே.

அதனால் முதலில் அதிகாரியின் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். மறுப்புக் கடிதத்தோடு வராவிட்டால் தகவல் கேட்பு மனு மூலம் பெறலாம். 5 டாலர் செலவு. ஆனால் அதற்காகக் காத்திருந்து 60 நாளைத் தவறவிடக் கூடாது. குறிப்பில் "படித்து முடித்துத் திரும்புவார் என்று நம்ப முடியவில்லை" என்று இருந்து, நீங்கள் கொடுத்த சொத்து, குடும்ப ஆவணங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். ஆவணமே மெலிந்திருந்தால் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் மலிவு, விரைவும் கூட. இந்த இரண்டில் எது என்று கோப்பைப் படித்த பிறகு சொல்பவரே நல்ல வழக்கறிஞர். கோப்பைத் திறக்காமலே "ஜெயித்துவிடலாம்" என்பவரை விட்டு விலகுங்கள்.

வழக்கறிஞர், கன்சல்டன்ட், இரண்டும் ஒன்றுதானா? உரிமம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
(வாசகர், மார்க்கம்)

ஒன்றல்ல. கனடா குடிவரவுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ விண்ணப்பத்தில் பிரதிநிதியாக இருக்கவோ சிலருக்கு மட்டுமே உரிமை உண்டு: மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய கன்சல்டன்ட் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, உண்மையில் கன்சல்டன்ட்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உரிமம் பெற்றவர்கள். ஒன்டாரியோவின் பாராலீகல்களுக்கு (வழக்கறிஞர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்கள்) அகதிக் கோரிக்கைகளையும் குடிவரவு மேல்முறையீடுகளையும் விசாரிக்கும் அகதி, குடிவரவு வாரியத்தோடு எல்லை முடிகிறது. கன்சல்டன்ட்களிலும் வாரியத்தின் முன் வாதாடத் தனி வகுப்பு உரிமம் வேண்டும். பெடரல் நீதிமன்றத்தில் அவர்களால் நிற்கவே முடியாது. எளிய பார்வையாளர் விசாவுக்கு நல்ல கன்சல்டன்ட் தாராளமாகப் போதும். மறுப்பு, குற்றப் பதிவு, நாடுகடத்தல் ஆணை என்று ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் போவதே சரி.

சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடப் போகிற ஆளின் பெயரைச் சங்கத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். தொழில் செய்ய அனுமதி நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதெல்லாம் அங்கே தெரியும். கன்சல்டன்ட் என்றால் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு ஐஎம்எம் 5476 படிவம். உங்கள் பிரதிநிதி யார் என்று அரசுக்குச் சொல்வது அதுதான். காசு வாங்கிக்கொண்டு, "நீங்களே போட்டதாக இருக்கட்டும்" என்று அந்தப் படிவத்தைத் தவிர்ப்பவர் உரிமம் இல்லாதவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வழக்கறிஞரின் சொந்தக் கணக்கில் சேரக் கூடாது, கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கில் இருக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், எதற்குத் தனியாக வசூலிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மைத்துனர் இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறார். தவறா?
(வாசகர், பிராம்ப்டன்)

தவறில்லை. அவர் உங்கள் சார்பில் துறையோடு பேசுவதானால் அதே 5476 படிவத்தில் கட்டணம் பெறாத பிரதிநிதி என்று குறிப்பிடுங்கள். பிழைக்குப் பொறுப்பு உங்களுடையது. முன்பு அமெரிக்காவோ பிரிட்டனோ விசா மறுத்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுத் தடை வரும், "அவர்தான் நிரப்பினார்" என்ற பதில் எடுபடாது.

அகதிக் கோரிக்கை விசாரணை வருகிறது. வழக்கறிஞரைத் தெரிவு செய்யும்போது எதைக் கேட்க வேண்டும்?
(வாசகி, ஸ்காபரோ)

கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தை யார் எழுதுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கோரிக்கைகள் பல விழுவது இங்கேதான். படிவத்தில் ஒரு தேதி, எல்லையில் சொன்னது வேறு, விசாரணையில் இன்னொன்று என்றால், வழக்கைக் கேட்கும் வாரிய உறுப்பினர் நம்பகத்தன்மை இல்லை என்று எழுதிவிடுவார். கிளார்க் அரைமணி நேரம் கேட்டு எழுதிய கதையை விசாரணைக்கு முதல் நாள்தான் வழக்கறிஞர் திறந்து பார்க்கிறார் என்றால், உங்களுக்கு அவர் வேண்டாம். படிவத்தைத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். உங்களுக்கு வாசித்துக் காட்டியதாக மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்திட வேண்டும்.

திருத்தம் இருந்தால் அடிக்கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே சேர்க்க வேண்டும். ஆவணங்களுக்கும் அதே 10 நாள். பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலர் கடிதம் போன்ற தமிழ், சிங்கள ஆவணங்கள் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடும் போக வேண்டும். விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை வாரியமே இலவசமாகத் தரும். தமிழ் என்று மட்டும் போடாமல் இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் எழுதுங்கள். வருமானம் குறைவானால், சட்ட உதவி தரும் அமைப்பான லீகல் எய்ட் ஒன்டாரியோவில் விண்ணப்பியுங்கள். அதன் சான்றிதழை ஏற்பாரா என்று வழக்கறிஞரிடம் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தேன். கனடாவில் குடிவரவுச் சட்டத்தில் பணியாற்ற என்ன வழி?
(வாசகி, டொரான்டோ)

குடிவரவுக்கென்று தனி வழக்கறிஞர் உரிமம் கிடையாது. பொது உரிமம் பெற்ற பிறகு துறையைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் படி, வெளிநாட்டுச் சட்டப் படிப்பை எடைபோடும் தேசிய தகுதியறிதல் குழுவின் (என்சிஏ) மதிப்பீடு. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும்; தாமதம் பெரும்பாலும் இங்கேதான், ஆகவே இன்றே கேட்டு எழுதுங்கள். கனடாவின் அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் கட்டாயம். உங்கள் படிப்பைப் பொறுத்துக் கூடுதல் பாடங்கள் வரலாம். பிறகு ஒன்டாரியோவில் பாரிஸ்டர், சொலிசிட்டர் தேர்வுகள், வழக்கறிஞர் ஒருவரின் கீழ் வேலை பழகும் ஆர்ட்டிக்கிளிங் பயிற்சி.

நிர்வாகச் சட்டத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். குடிவரவு வழக்குகளின் முதுகெலும்பே அதுதான். படிக்கும் காலத்தில் குடிவரவு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேருங்கள், ஆனால் மேற்பார்வையில்லாமல் யாருக்கும் தனியாக ஆலோசனை சொல்லாதீர்கள். உரிமம் கேட்கும்போது நன்னடத்தை பற்றிய கேள்விகள் வரும். அப்படிச் சொன்ன ஆலோசனை அங்கே வந்து நிற்கும்.