துடைக்காதீர்கள், உரசாதீர்கள்: பழைய தங்கக் காசு கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மங்கலான ஒரு படமும், "இது எவ்வளவுக்குப் போகும்?" என்ற ஒரு வரியும்தான். எடை இல்லை, விட்டம் இல்லை, பின்பக்கப் படமும் இல்லை. அவற்றை அப்படியே ஒதுக்கிவிட்டேன். இரண்டு தசம இடம் வரை எடை, மில்லிமீட்டரில் விட்டம், இரு பக்கமும் விளிம்பும் தெரிகிற படம். இவை இல்லாமல் பதில் சொன்னால் அது ஜோசியம்.

என்னிடம் 1918ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சவரன் ஒன்று உள்ளது. குதிரையின் காலுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே, பொடியாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தெரிகிறது. கீறலா, அடையாளமா?

அடையாளம்தான். பம்பாயில் அச்சடித்தது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டில், சுமார் 13 லட்சம் காசுகள். எனவே தேடினால் கிடைக்கும், ஆனாலும் சேகரிப்பில் இருக்க வேண்டிய காசு. அதே இடத்தில் எஸ் இருந்தால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த், சி ஒட்டாவா, எஸ்ஏ பிரிட்டோரியா. அந்தக் காலத்துக் காசில் எழுத்தே இல்லையென்றால் லண்டன். ஒன்று மட்டும் கவனம்: 1917 லண்டன் சவரன் மிகவும் அரிது. எழுத்தில்லாத 1917 யாராவது நீட்டினால், மகிழ்வதற்கு முன் லென்ஸை எடுங்கள். போலியாக இருக்கலாம், எழுத்தைச் சுரண்டி எடுத்ததாகவும் இருக்கலாம்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியானால் தங்கம்தானே?

செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. அடுத்த கேள்வி.

காசுக்குச் சேதம் இல்லாமல் வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். முதலில் எடை. சவரன் 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர். அடுத்து தண்ணீர்ச் சோதனை. துல்லியத் தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு சுமார் 0.45 கிராம் காட்ட வேண்டும். 7.98ஐ அதனால் வகுத்தால் 17.6, 17.7 போல வரும். 22 காரட் தங்கத்தின் அடர்த்திக்கு அது சரி. பதினைந்தோ பதினாறோ வந்தால் விற்றவரிடம் திரும்பிப் போங்கள்.

அப்புறம், இதில் தேறிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். 1950, 60களில் பெய்ரூட்டில் அடித்த போலி சவரன்களில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருந்தது. சவரனுக்குத் தங்க மதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைத்த விலைதான் அவர்களுக்கு லாபம். அவற்றைத் தராசு பிடிக்காது, கண்தான் பிடிக்க வேண்டும். எழுத்தின் ஓரம் கூராக நிற்கிறதா, கரைந்ததுபோல் உருண்டிருக்கிறதா? மேடுபள்ளமில்லாத வெற்றுப் பரப்பில் பொடிக் குழிகள் உண்டா? விளிம்புக் கோடுகள் ஒரே சீராக ஓடுகின்றனவா? நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தாத்தா வைத்திருந்த, சேவல் படம் போட்ட பிரெஞ்சு 20 பிராங்க் காசு மங்கலாக இருந்தது. நகைப் பட்டறையில் பாலீஷ் போட்டு வாங்கினேன். அப்படியும் ஒரு சிவப்புப் புள்ளி போகவில்லை. இன்னும் பளபளப்பாக்க என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாதீர்கள். செய்ததே போதும்.

இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. தங்கம் துருப்பிடிக்காது. அப்புறம் எதைத் துடைக்கிறீர்கள்? அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு செம்பு. சிவப்புப் புள்ளி அந்தச் செம்பின் வேலை. அதனால் காசுக்கு ஒரு கேடும் இல்லை.

பாலீஷில் என்ன போகிறது என்று பாருங்கள். அச்சு விழும் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்கிறது. அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் பரப்பில் பதிகின்றன. நல்ல காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒரு ஒளிப்பட்டை சக்கரம்போல் சுற்றிவரும். அந்த மினுப்பு இந்தக் கோடுகளால் வருவது. பட்டறைச் சக்கரம் முதலில் தின்பது இவற்றைத்தான். அப்புறம் சேவலின் மார்புச் சிறகு, முகத்தில் முடிக்கற்றை, எழுத்தின் கூர். மிஞ்சுவது கண்ணாடிபோல் தட்டையான ஒரு பளபளப்பு. சேகரிப்பவன் ஒரு பார்வையிலேயே கீழே வைத்துவிடுவான். எடையைப் போட்டுப் பாருங்கள், 6.45 கிராம் இருக்க வேண்டியது கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. இனி அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் தங்கத்தின் விலை மட்டும்தான்.

இதே ரகம்தான் வளையம் பற்றவைத்துப் பதக்கமாகப் போட்டுக்கொள்வதும். பின்னால் வளையத்தை எடுத்து அரம் போட்டாலும் விளிம்பில் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன் என்பவரிடமும் காசைக் கொடுக்காதீர்கள். எலுமிச்சை, சோடா மாவு, பல்பொடி எதுவும் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சைப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் மட்டும், கலப்பில்லாத அசிட்டோனில், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி, சற்று நேரம் போட்டு எடுத்துத் தானாக உலர விடுங்கள். தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு நீக்கி வேறு, அசிட்டோன் வேறு.

1915 என்று போட்ட, நான்கு டுகாட் மதிப்புள்ள ஆஸ்திரியக் காசு ஒன்று வாங்கினேன். நேற்று அடித்ததுபோல் புதிதாக இருக்கிறது. போலியா?

போலி இல்லை, மறு அச்சு. ஆஸ்திரியாவின் நாணயச்சாலையே அந்தப் பழைய ஆண்டைப் போட்டுத் தொடர்ந்து அடித்துவருகிறது. தங்கம் சுத்தம், பழமை கிடையாது. பழமைக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தால் ஏமாந்தீர்கள். பிரெஞ்சுச் சேவல் காசிலும் 1907 முதல் 1914 வரையான ஆண்டுகளுக்கு 1950களில் மறு அச்சு உண்டு.

ரோமானியப் பொற்காசு ஒன்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. மதிப்பு போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த ஐந்நூறு சொச்சம் ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலையில் இப்படித்தான் வெட்டு. காசைப் புழக்கத்திலிருந்து நீக்கியதன் அடையாளம் என்பது பலரின் கருத்து. அது வரலாறு, அதை நிரப்பப் போகாதீர்கள். ஆனால் வெட்டு இருப்பதாலேயே காசு அசல் ஆகிவிடாது. எடை எங்கே? நீரோ மன்னனுக்குப் பிந்தைய முதல், இரண்டாம் நூற்றாண்டுக் காசு என்றால் ஏழு கிராமுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

ஏழாம் எட்வர்ட் அல்லது ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சாதாரண சவரன். விலை தங்கத்தை ஒட்டியே இருப்பதால் தவறு செய்தாலும் அதிகம் போகாது. குப்தர் காசு, ரோமானியக் காசு எல்லாம் கண் பழகிய பிறகு.

தரச்சான்றுப் பெட்டியில் அடைத்த காசு வாங்கினேன். பெட்டியைத் திறந்து எடை பார்க்கலாமா?

உடைத்தால் சான்று போச்சு. பெட்டியிலுள்ள எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள், அங்கே இருக்கும் படத்தையும் பாருங்கள். பெட்டியும் போலியாக வருகிறது.

பரணில் 1933 என்று போட்ட அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு கிடைத்தது. கோடீஸ்வரனா நான்?

இல்லை. அந்த ஆண்டுக் காசு நாலரை லட்சம் வரை அடிக்கப்பட்டு, புழக்கத்துக்கு விடாமலே கிட்டத்தட்ட முழுவதும் உருக்கப்பட்டது. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 2021 ஏலத்தில் சுமார் 1.9 கோடி டாலருக்குப் போனது. உங்களுடையது அநேகமாக முலாம் பூசிய நகல். எடை 33.4 கிராம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். துடைக்காமல்.