ஜோக்கரை விட்டுவிட்டுப் பசை வாளிக்காரனை ஏன் ரசிக்கிறோம்?

கேள்வி இதுதான்: சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஜோக்கர் மாதிரி பெரிய ஆட்கள் இருக்கும்போது, பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியாத, வரும்போதெல்லாம் அடி வாங்கிப் போகிற சில்லறை வில்லன்கள் மேல் ஏன் இவ்வளவு பாசம்?

அனுதாபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது போதாது. தோல்வி ஜோக்கருக்கும் உண்டு. ஆனால் தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுக்கு எதுவும் ஆகாது. 1940-ல் பேட்மேன் முதல் இதழில் வந்தவன், இன்றைக்கும் அதே சிரிப்போடு நிற்கிறான். கம்பெனிக்கு அவன் பெரிய சொத்து. எந்த எழுத்தாளரும் அவனை நிரந்தரமாக மாற்றிவிட முடியாது. சில்லறை வில்லனுக்கு அந்தக் காவல் கிடையாது. அவன் தொழிலை விடலாம், பிள்ளையை நினைத்துக் கவலைப்படலாம், செத்தும் போகலாம். யாரும் கண்டுகொள்ளாததால்தான் அவனுக்கு ஒரு வாழ்க்கையே கிடைக்கிறது.

ஸ்டில்ட் மேனைப் பாருங்கள். 1965-ல் டேர்டெவில் என்ற ஹீரோவின் காமிக்ஸில், எட்டாம் இதழில் வந்தான். வேலை பார்த்த இடத்தில் ஹைட்ராலிக் கண்டுபிடிப்பு ஒன்றைத் திருடி, மாடி மாடியாக நீண்டு உயரும் இரும்புக் கால்களைச் செய்துகொண்டான். திறமை அவ்வளவுதான். அந்த மூளைக்கு நேர்மையாகவே நாலு காசு சம்பாதித்திருக்கலாம், கேட்டால்தானே! 2006-ல், குற்றவாளிகளைச் சுட்டுத் தள்ளும் பனிஷர் என்பவன் அவனைக் கொன்றுவிடுகிறான். அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஊரில் உள்ள மற்ற தோற்றுப்போன வில்லன்கள் எல்லாம் ஒரு பாரில் கூடி, குடித்துக்கொண்டே அவனைப் பற்றிப் பழங்கதை பேசுகிறார்கள். அங்கேயும் பனிஷர் வந்து விஷம் கலந்து, கடையையே வெடிக்கவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

லீப் ஃப்ராக் கதை இன்னும் நெருக்கம். 1967-ல் வந்த தவளை உடை வில்லன், காலில் ஸ்பிரிங் கட்டிக் குதிப்பவன். 1982-ல் அவன் மகன் யூஜின் அதே உடையை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கெட்ட பெயரைத் துடைக்க ஹீரோவாகக் கிளம்பிவிடுகிறான். அப்பாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெரிய வில்லனின் வீட்டுக்குள் கதை இப்படி நுழைவது அபூர்வம்.

இந்த வேடிக்கை ஆட்கள் பலர் 1960-களில் முளைத்ததற்கும் காரணம் இருக்கிறது. 1954-ல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். ரத்தம், கொடூரம் கூடாது. எல்லாக் கதையிலும் நன்மையே ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும். தோல்வி விதியிலேயே எழுதியாகிவிட்டது. கத்தியும் ரத்தமும் போனபின் கையில் மிஞ்சியது பட்டம், பசை, புள்ளிபோட்ட சட்டை. யார் ஜெயிப்பார் என்ற கேள்வி இல்லாதபோது, இவன் இந்தத் தடவை எப்படிச் சொதப்பப் போகிறான் என்பதுதானே மிச்சமிருக்கும் சுவாரசியம்?

என் தனிப்பட்ட ஓட்டு பேஸ்ட் பாட் பீட்டுக்கு. 1963-ல் வந்தவன். ஆயுதம் ஒரு பசைத் துப்பாக்கி, கூடவே ஒரு வாளி பசை. ராத்திரியில் சினிமா போஸ்டர் ஒட்டக் கிளம்பினவர் மாதிரி இருப்பான். 1965-ல் ட்ராப்ஸ்டர் என்று கம்பீரமாகப் பெயர் மாற்றிக்கொண்டும் பழைய பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வதை யாரும் விடவில்லை. ஆனால் 1964-ல் பாரன் ஸீமோ என்ற வில்லனின் ஒட்டுப்பசையில் அவெஞ்சர்ஸ் மாட்டிக்கொண்டபோது, அதைக் கரைக்கும் வழி தெரிந்த ஒரே ஆள் சிறையில் இருந்த இந்தப் பீட்தான். தோரும் கேப்டன் அமெரிக்காவும் இருக்கும் கூட்டம் பசைக்காரனிடம் போய் நின்றது! அதற்காகவே கோவில் கட்டலாம்.

இதில் ஒரு நிபந்தனை. எழுதியவர் சிரிக்காமல், சீரியஸாகவே படைத்திருக்க வேண்டும். கெச்சப் பீய்ச்சும் காண்டிமென்ட் கிங் 1994-ல் பேட்மேன் கார்ட்டூனில் நகைச்சுவைக்கென்றே வந்தவன். அவனை என்னால் பீட் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

நான் வளர்ந்தது பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ்ப் பள்ளிக்கூடம், ஆனால் பெட்டிக்கடையில் தொங்குவது மலையாள வார இதழ்கள். பொள்ளாச்சியிலிருந்து அத்தை மகன் வரும்போதுதான் முத்து, லயன் காமிக்ஸ் கிடைக்கும். இடைப்பட்ட நாட்களில் பாலரமா என்ற மலையாளச் சிறுவர் இதழின் 'மாயாவி'தான் கதி (நம் இரும்புக்கை மாயாவி இல்லை, இது நல்ல குட்டிச்சாத்தான்). அதில் ஈட்டிமேல் ஏறிப் பறக்கும் கொம்பு வைத்த லுட்டாப்பியும், மந்திரவாதி குட்டூசனும், சூனியக்காரி டாகினியும் இதழுக்கு இதழ் மாயாவியைப் பிடிக்கக் கிளம்பி இதழுக்கு இதழ் கோட்டை விடுவார்கள். எங்கள் தெருவில் மாயாவியாக நடிக்க ஆள் கிடைக்காது. லுட்டாப்பி ஆவதற்குத்தான் சண்டை. 2019-ல் டிங்கினி என்ற புதுப் பாத்திரம் வந்தபோது, லுட்டாப்பியைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்து 'லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்' என்று இணையத்தில் பெரிய கூத்தே நடந்தது. லுட்டாப்பி தப்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனி லுட்டாப்பி மேல் யாரும் கைவைக்க முடியாது, ஜோக்கர் மாதிரி.

கைட் மேனுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். 1960-ல் பேட்மேன் கதையில் பட்டத்தில் பறந்து வந்த கோமாளி. 2017-ல் அவன் மகனை ரிட்லர் என்ற இன்னொரு வில்லன் பட்டக் கயிற்றில் விஷம் தடவிக் கொல்வதாக ஒரு கதை எழுதினார்கள். படித்தால் மனசு கனத்துவிடும். 2024-ல் அவன் பெயரிலேயே ஒரு கார்ட்டூன் தொடர். இனி அவனைச் சில்லறை என்று சொல்ல முடியாது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், 2013-ல் தொடங்கி 17 இதழ்கள் வந்த 'சுப்பீரியர் ஃபோஸ் ஆஃப் ஸ்பைடர்மேன்' என்ற காமிக்ஸ் தொடர். ஸ்பைடர்மேனிடம் அடி வாங்கும் சில்லறை வில்லன்களின் கதை. பூமராங் என்ற பொய்யன் கதை சொல்ல, ஷாக்கர் ஒரு மாஃபியா தலைவரின் உயிருள்ள தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறான். ஸ்பைடர்மேன் பேருக்குத்தான் தலை காட்டுவார். அவரைத் தேடவும் தோன்றாது.