லட்சத்தில் ஒன்று, யாருக்கு?

கேள்வி: என் தங்கையை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தோம். போன வருடம் பிறந்த முதல் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. மேப்பிள் சிரப் யூரின் நோய் என்றார்கள். "ரெண்டு லட்சத்துல ஒண்ணுக்குத்தான் வரும், இனிமே வராது" என்று எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள். தங்கைக்கு இப்போது 11 வாரம். நம்பலாமா டாக்டர்?
– பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. உலக அளவில் சுமார் 1,85,000 பிறப்புகளில் ஒன்று என்பது புத்தகக் கணக்கு. ஊர் உலகத்துக்கெல்லாம் சேர்த்துப் போட்ட சராசரி அது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் மெனனைட் சமூகத்தில் இதே நோய் சுமார் 380 பிறப்புகளில் ஒன்று. உங்கள் தங்கைக்கோ நான்கில் ஒன்று, அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும். ஒருமுறை வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் சுமார் 215 பேரில் ஒருவர் இந்த மரபணுக் குறையைச் சுமக்கிறார். அவருக்கு ஒன்றும் செய்யாது. தாய், தகப்பன் இருவரும் சுமந்தால்தான் வம்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் 1,85,000-இல் ஒன்று என்பது சுமார் 6,600-இல் ஒன்றாகக் கூடுகிறது. தாய்மாமன் என்றால் சுமார் 3,400-இல் ஒன்று. உங்கள் தங்கைக்கு முதல் குழந்தையே வந்து காட்டிவிட்டது, தம்பதி இருவரும் சுமக்கிறார்கள் என்று. அதனால்தான் நான்கில் ஒன்று. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எந்தப் பக்கத்துக் குறை என்று உங்கள் வீட்டில் பேச்சு வந்தால் நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தானே!

புரதத்தில் உள்ள லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதி இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் பால் குடிக்காமல் துவளும், அப்புறம் வலிப்பு. நோய்க்குப் பெயர் தந்த மேப்பிள் மரப் பாகை நம் ஊரில் யார் முகர்ந்திருக்கிறார்கள்? நமக்குத் தெரிந்த வாசனை வெந்தயம். வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலோன்தான் இந்தக் குழந்தைகளின் சிறுநீரிலும் மணக்கிறது.

1990களில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து நாள் ஆண் குழந்தை. துணி மாற்றிய ஆயா, "டாக்டரம்மா, புள்ள வெந்தயமா மணக்குது" என்றார். தாய் வெந்தயக் களி சாப்பிட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டேன். அப்படியும் மணக்கும், அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாயிடம் நான் கேட்கவே இல்லை. கிருமித் தொற்று என்று எழுதி ஆன்டிபயாடிக் போட்டோம். அதிலிருந்து நான்காம் நாள் குழந்தை போய்விட்டது. அதே தாயின் அடுத்த குழந்தையும் அப்படியே துவண்டபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் குழந்தை இன்றுவரை எந்தக் கணக்கிலும் இல்லை. அபூர்வ நோய் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கேஸ் ஷீட்தான் ஞாபகம் வரும்.

பிழைத்த குழந்தையை வளர்ப்பதும் லேசில்லை. ஒரு முட்டையில் சுமார் அரை கிராம் லூசின் இருக்கிறது. கடுமையான வகை உள்ள பல குழந்தைகளுக்கு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான் அனுமதி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு சின்னத் தராசு அடுப்பு மேடையிலேயே இருக்கும், சோறுகூட நிறுத்துத்தான். மீதிப் பசிக்கு அந்த மூன்று அமினோ அமிலங்களும் நீக்கிய விசேஷப் பால்மாவு. ஒரு நவராத்திரிக்குப் பாட்டி ஆசையாகக் கொலுச் சுண்டல் கொடுத்துவிட்டார். மறுநாள் பையன் குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். சாதாரணக் காய்ச்சலே இவர்களுக்கு அவசர கேஸ். உடம்பு தன் தசையையே கரைத்து லூசினை ஏற்றிவிடும். கல்லீரல் மாற்று செய்தால் இந்தப் பத்தியம் பெரும்பாலும் விட்டுப்போகும். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் இந்த நோய் இருக்கிறது, உதவி 50 லட்சம் ரூபாய் வரை. மனு, கையெழுத்து என்று அலைச்சலும் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதல் குழந்தையின் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு தம்பதி இருவரும் இந்த வாரமே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பழுது எந்த மரபணுவில் என்று தெரிந்தால் இப்போதே நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ கருவைச் சோதிக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும். சோதிக்க விருப்பமில்லை என்றாலும் பிரசவ டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறந்த ஒரு நாளுக்குள் குதிகாலில் ரத்தம் எடுத்து அமினோ அமிலம் பார்க்க வேண்டும். அந்த விசேஷப் பால்மாவு கையில் தயாராக இருக்கட்டும்.

இதழ் அச்சாகி வரும்போது உங்கள் தங்கைக்கு 13 வாரம் தாண்டிவிடும். அதனால் இந்தப் பதிலை நேற்றே உங்கள் முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.