பிச்சாவரம் செல்லும் முன்: கேள்வி பதில்

சேலத்திலும் ஏற்காட்டிலுமிருந்து, சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் குழுவாகச் செல்ல விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): நாங்கள் நாற்பது பேர். விசைப்படகில் போனால் விரைவாகச் சுற்றி வந்துவிடலாமே, ஐயா?

பதில்: வரலாம், ஆனால் காட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சுரபுன்னை மரக் கிளைகள் தலைக்கு மேல் கவிந்திருக்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். மேலும், வேகமாகச் செல்லும் படகு எழுப்பும் அலை கரைச் சேற்றை அரித்து வேர்களை வெளிக்கொணர்கிறது. ஒரு படகால் இது தெரியாது, நாள் முழுதும் போய்வரும் படகுகளால் தெரியும். இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி சிதம்பரம் கோயிலில் இருக்கும்போது மற்றோர் அணி துடுப்புப் படகுகளில் செல்லட்டும்.

கேள்வி (சேலம், கல்லூரி ஆசிரியர்): மாணவர்களைக் கொண்டு நூறு அலையாத்திக் கன்றுகளை நட்டுவிட்டு வரலாமா?

பதில்: எண்ணம் நல்லது, ஆயினும் வேண்டாம். பிச்சாவரத்தின் ஒரு பகுதி அழிந்ததற்குக் கன்று நடாதது காரணமன்று. முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை உலர்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று; ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தின்போது, உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியதால், மண்ணில் உப்பு மிகுந்து கன்றுகள் பிழைக்க முடியாமல் போயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, நீர் வந்துபோகச் செய்த பின்னரே கன்றுகள் நிலைத்தன. அந்த நீரோட்டத்தை அறியாமல், கண்ணில் பட்ட சேற்றுத் திட்டில் நடுவது உள்ளான் பறவைகள் இரை தேடும் இடத்தை அடைப்பதாகவே முடியலாம். மாணவர்களுக்கு அந்தக் கால்வாய்களைக் காட்டி விளக்குங்கள்; நடுவதை வனத்துறை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (நாகலூர்): எந்த மாதம் ஏற்றது?

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி. வலசைப் பறவைகள் அப்போதும் இருக்கும். காலையில் செல்லுங்கள், பொங்கல் விடுமுறையைத் தவிருங்கள்.

கேள்வி (ஏற்காடு, விடுதி நடத்துபவர்): கட்டணத்தை உயர்த்தினால் கூட்டமும் பாதிப்பும் குறையாதா?

பதில்: கட்டணம் ஏழையைத் தடுக்கும், இரைச்சலைத் தடுக்காது. ஞாயிறுதோறும் உங்கள் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நெருக்கியடிக்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள்: அங்கே சிக்கல், எல்லோரும் ஒரே வேளையில் வருவதுதான். எனவே, மணிக்கு இத்தனை படகுகள் என்று வரையறுத்து முன்பதிவு செய்வதும், உயிரினங்களின் முக்கியமான பருவத்தில் மூடிவிடுவதுமே பயன் தரும். ஒடிசாவின் பிதர்கனிகாவில் உப்புநீர் முதலைகள் முட்டையிடும் காலமாதலால், மே முதல் ஜூலை வரை சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. படகோட்டியின் கூலியையும் கவனிக்க வேண்டும்; சவாரிக் கணக்கில் கூலி பெறுபவர் அவசரப்படத்தான் செய்வார், மணிக்கணக்கில் பெறுபவர் துடுப்பை நிறுத்தி மீன்கொத்தியைக் காட்டுவார்.

கேள்வி (அஸ்தம்பட்டி): பிள்ளைகள் படகிலிருந்து இறங்கிச் சேற்றில் நடக்கலாமா?

பதில்: கூடாது. சேற்றுக்கு மேல் குச்சிகளாக நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள், மிதித்தால் ஒடியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் அங்குண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடித்து விளையாட விடாதீர்கள்.